மாவு வேறு, அச்சு வேறு



தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு முறுக்கு சுடுகிற ஒரு வீட்டின் அடுக்களையை எட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் அகலமான தாம்பாளத்தில் அரிசி மாவும் உளுந்து மாவும் வெண்ணெயும் சீரகமும் சேர்த்து ஒருவர் பிசைந்துகொண்டிருப்பார். இன்னொரு பக்கம் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். அடுப்புக்கு முன்னால் நிற்பவர் கையில் முறுக்குக் குழல். குழலின் அடியில் ஒரு வில்லை. மூன்று துளை வில்லை போட்டால் தேன்குழல். அதை எடுத்துவிட்டு நட்சத்திர வில்லை போட்டால் அதே மாவு மேலெல்லாம் முள்ளோடு வரும். நீளக் கீறல் வில்லை போட்டால் நாடாவாக விழும். வடிவம் மூன்று, ருசி ஒன்று. உப்பு குறைவு என்று யாராவது சொன்னால் என்ன செய்வார்கள்? வில்லையைக் கழற்றிப் பார்ப்பார்களா? மாவுக்குத்தான் போவார்கள். உப்பு எங்கே இருக்கிறது என்பதில் அந்த அடுக்களையில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

இணையதளம் கட்டும் தொழிலில் இந்தத் தெளிவு வர நெடுங்காலம் ஆயிற்று. இன்றும் பல இடங்களில் வந்தபாடில்லை. விலையைக் கணக்கிடும் வேலையும் விலையைக் காட்டும் வேலையும் ஒரே கோப்பில், ஒரே வரியில் பின்னிக் கிடக்கின்றன. உப்பை மாவில் போடாமல் வில்லையில் தடவி வைத்திருக்கிறார்கள். அதனால் வில்லையை மாற்றும்போதெல்லாம் ருசி மாறிவிடுகிறது.

இன்றைய பொருள் இதுதான்: வார்ப்புருவை வைத்து இணையப் பக்கம் செய்யும்போது, முடிவெடுக்கும் வேலையையும் காட்டும் வேலையையும் எப்படிப் பிரிப்பது, எங்கே பிரிப்பது, ஏன் பிரிப்பது.

வார்ப்புரு என்றால் டெம்ப்ளேட். தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கம் பக்கமாகப் புழங்கும் சொல் அது. பக்கத்தில் மாறாத பகுதியை எழுதி வைத்துவிட்டு, மாறும் இடங்களில் மட்டும் துளை விட்டு வைப்பது. திருமண அழைப்பிதழ் அச்சகத்தில் இருக்கும் மாதிரி அட்டை போல. மணமகன் பெயருக்கு ஒரு துளை, முகூர்த்த நேரத்துக்கு ஒரு துளை, மண்டபத்துக்கு ஒரு துளை. அச்சகக்காரர் துளையில் எழுத்தைப் பொருத்துவார். முகூர்த்தம் குறிக்க மாட்டார்.

இந்தத் துளைகள் எப்படிப் பிறந்தன? 1993இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில், சர்வர் ஒரு நிரலை ஓட்டி அதன் விடையைப் பக்கமாக அனுப்பும் முறை உருவானது. சிஜிஐ என்று பெயர். அந்த நிரல்கள் பெரும்பாலும் பெர்ல் மொழியில் இருந்தன. அவற்றில் ஒன்றைத் திறந்தால் வரிக்கு வரி அச்சிடு, அச்சிடு, அச்சிடு என்றே இருக்கும். தலைப்புக் குறியை அச்சிடு, அட்டவணையைத் திறக்கும் குறியை அச்சிடு, இடையில் ஒரு கணக்கு, பிறகு மூடும் குறியை அச்சிடு. ஒரு தலைப்பின் நிறத்தை மாற்ற வேண்டுமென்றாலும் நிரலாளரைத்தான் கூப்பிட வேண்டும். நிரலுக்குள் பக்கம் புதைந்து கிடந்தது.

1995 ஜூன் 8 அன்று ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம்முடைய கருவிகளை ஊருக்குப் பொதுவாக வெளியிட்டார். கிரீன்லாந்தில் பிறந்தவர் அவர். இணையத்தில் வைத்திருந்த தன்விவரக் குறிப்பை யார் யார் பார்க்கிறார்கள் என்று கணக்கு வைக்கச் செய்த சிறு கருவிகள் அவை. பிஎச்பி மொழி அங்கிருந்துதான் வளர்ந்தது. அது காட்சியைத் தலைகீழாகப் புரட்டியது. நிரலுக்குள் பக்கம் என்பது போய், பக்கத்துக்குள் நிரல் என்று ஆயிற்று. சாதாரண எச்டிஎம்எல் பக்கம் எழுதுங்கள். வேண்டிய இடத்தில் துளை போட்டு நிரல் எழுதுங்கள். எத்தனை எளிது! மறு ஆண்டு மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி வந்தது, 1999இல் சன் நிறுவனத்தின் ஜேஎஸ்பி வந்தது. எல்லாம் அதே வழி.

அந்த எளிமைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இலட்சக்கணக்கானோர் இணையம் எழுதக் கற்றது அதனால்தான். ஆனால் துளை எவ்வளவு பெரிதாகலாம் என்று யாரும் எல்லை போடவில்லை. ஒரு பெயரைக் காட்டப் போட்ட துளைக்குள் தரவுத்தளத்தைத் திறக்கும் வரி நுழைந்தது. பிறகு வரிவிகிதம் நுழைந்தது. பிறகு கடவுச்சொல் சரிதானா என்ற சோதனையும் நுழைந்தது. பக்கம் நிரலை விழுங்கிவிட்டது.

விழுங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம்.

ஒரு ஆயத்த ஆடைக் கடை. அதற்கு ஓர் இணையதளம். சட்டையின் விலை, வரி நீங்கலாக, 1,800 ரூபாய். 2025 செப்டம்பர் 22க்கு முன்புவரை சரக்கு மற்றும் சேவை வரியில் ஓர் ஆயத்த ஆடை 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 12 சதவீதம். அன்று முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். முந்தைய நாள் அந்தச் சட்டைக்கு வரி 216 ரூபாய், மொத்தம் 2,016. மறுநாள் வரி 90 ரூபாய், மொத்தம் 1,890. ஒரே இரவில் 126 ரூபாய் வித்தியாசம்.

இப்போது அந்தக் கடையின் நிரலைத் திறந்து பார்ப்போம். விலை ஆயிரத்துக்கு மேலா என்ற கேள்வி எங்கே எழுதியிருக்கிறது? பொருளைக் காட்டும் பக்கத்தின் வார்ப்புருவில் இருக்கிறது. கூடைப் பக்கத்தின் வார்ப்புருவில் இருக்கிறது. வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சலின் வார்ப்புருவில் இருக்கிறது. அச்சடிக்கும் பில்லின் வார்ப்புருவிலும் இருக்கிறது. நான்கு இடம். செப்டம்பர் 21 இரவு, கண் எரிய எரிய, நிரலாளர் மூன்று இடத்தில் மாற்றிவிடுகிறார். நான்காவது, பில். அது வேறொருவர் எழுதியது, வேறொரு அடைவில் இருப்பது, நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காலை திரையில் 1,890 பார்த்துப் பணம் கட்டிய வாடிக்கையாளர் கையில் 2,016 என்று பில் போய்ச் சேருகிறது. கடைக்காரர் என்ன பதில் சொல்வார்? அவருக்கு வார்ப்புருவும் தெரியாது, துளையும் தெரியாது. பொய் சொன்ன பழி மட்டும் அவர் தலையில்.

வரிவிகிதம் ஒரே இடத்தில் இருந்திருந்தால்? வரியைக் கணக்கிடும் ஒரே ஒரு பகுதி, அது கொடுக்கும் விடையை வாங்கிக் காட்டும் நான்கு வார்ப்புருக்கள் என்று இருந்திருந்தால்? ஒரு மாற்றத்தோடு முடிந்திருக்கும். நான்கு பக்கமும் ஒரே தொகையைச் சொல்லியிருக்கும். பிரித்து வைக்கச் சொல்வது அழகுக்காக என்று நினைப்பவர்கள் அந்தப் பில்லை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் இணையத்தைவிட மூத்தது. நார்வேயில் கப்பல் வடிவமைப்புக்கான மென்பொருளில் பல ஆண்டு உழைத்த ட்ரிக்வே ரீன்ஸ்காக், 1979இல் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கு விருந்தினராக வந்திருந்தபோது எழுதிய குறிப்புகளில்தான் மாடல், வியூ, கன்ட்ரோலர் என்ற மூன்று பெயர்களும் சேர்ந்து வந்தன. மெய்யான விவரம் ஓரிடம், அதன் தோற்றம் ஓரிடம், கட்டளையை வாங்கி இயக்குவது ஓரிடம். இணையத்திலேயே தோற்றத்தைத் தனியே எடுத்துவைத்த முதல் பெரிய வெற்றி சிஎஸ்எஸ் என்ற நடைத்தாள் முறை. அதை 1994 அக்டோபரில் முன்மொழிந்த ஹோகுன் வியூம் லீ என்பவரும் நார்வேக்காரரே. 2003இல் கனடா நாட்டு வடிவமைப்பாளர் டேவ் ஷே, சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற தளத்தைத் திறந்தார். எச்டிஎம்எல் கோப்பு ஒன்றே ஒன்று. அதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல், நடைத்தாளை மட்டும் மாற்றி, உலகெங்கும் இருந்து வடிவமைப்பாளர்கள் வேறு வேறு தோற்றங்களை அனுப்பினார்கள். நம்பாதவர்களையும் நம்பவைத்த தளம் அது.

ஆனால் நிறத்தைப் பிரிப்பது எளிது. முடிவைப் பிரிப்பதுதான் கடினம். அந்தப் போராட்டம் எங்கே நடந்தது?

ஒரு நாளிதழ் அலுவலகத்தில். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ், லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட். 2003இல் அதன் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹாலோவேடியும் சைமன் வில்லிசனும் வேலை பார்த்தார்கள். செய்தி அலுவலகத்து அவசரம் நமக்குத் தெரிந்ததே. காலையில் ஒரு யோசனை வரும், மாலைக்குள் பக்கம் வேண்டும். நிரலாளர் பைத்தான் எழுதுவார். பக்கத்தை அமைப்பவருக்கு எச்டிஎம்எல் தெரியும், பைத்தான் தெரியாது. இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் மற்றவருக்காகக் காத்திராமல் வேலை செய்ய வேண்டும். அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் ஜாங்கோ என்ற இணையக் கட்டமைப்பு. 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. ஜாஸ் கித்தார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயர் சூட்டினார்கள்.

ஜாங்கோவின் வார்ப்புரு மொழியில் வேண்டுமென்றே பலவற்றை விட்டுவிட்டார்கள். துளைக்குள் பைத்தான் எழுத முடியாது. ஒரு செயற்கூறைக் கூப்பிட்டு மதிப்புகளைக் கொடுக்க முடியாது. இருந்தால் காட்டு, பட்டியலாக இருந்தால் ஒவ்வொன்றாகக் காட்டு, தேதியை இந்த வடிவில் எழுது, தாய்ப் பக்கத்திலிருந்து தலைப்பையும் அடிப்பகுதியையும் வாங்கிக்கொள்: இவ்வளவுதான். தொடக்கத்தில் பெரிது, சிறிது என்று ஒப்பிடக்கூட இடமில்லை. இரண்டும் சமமா என்று கேட்கத் தனியாக ஒரு குறி இருந்தது. பயன்படுத்தியவர்கள் முணுமுணுத்தார்கள், கேட்டார்கள், கெஞ்சினார்கள். 2010இல் வந்த 1.2 பதிப்பில் ஒப்பீட்டுக் குறிகளை அனுமதித்தார்கள். கதவு சற்றே திறந்தது.

திறந்தது சரியா, தவறா? அதற்குப் பதில் சொல்ல சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டெரன்ஸ் பார் அவர்களிடம் போக வேண்டும். 2004இல் நியூயார்க்கில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் அவர் ஒரு கட்டுரை வைத்தார். பிரித்து வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் எது பிரிவு என்று ஒருவரும் வரையறுக்கவில்லை என்பது அவர் குறை. பிறகு அவரே ஐந்து விதி சொன்னார். வார்ப்புரு, மெய்யான தரவை மாற்றக்கூடாது. அந்தத் தரவை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. அதை எதனோடும் ஒப்பிடக்கூடாது. அது எண்ணா, எழுத்தா, தேதியா என்று தானாக ஊகித்து நடக்கக்கூடாது. ஐந்தாவது விதி மறுபக்கத்துக்கு: தரவோடு சேர்த்து நிறம், எழுத்தளவு, குறி என்று தோற்றத்தின் எந்தத் துணுக்கையும் உள்ளிருந்து அனுப்பக்கூடாது.

கடுமை என்று தோன்றுகிறதா? நம் சட்டைக்குத் திரும்புவோம். விலை 2,500க்கு மேலா என்று வார்ப்புரு கேட்டால் அது ஒப்பீடு. மூன்றாவது விதி உடைந்தது. விலையை 18ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் அது கணக்கு. இரண்டாவது விதி உடைந்தது. தள்ளுபடி என்ற ஒன்று வந்திருக்கிறதா, வந்திருந்தால் பட்டை ஒட்டு என்றால்? இருக்கிறதா, இல்லையா என்று மட்டும்தான் வார்ப்புரு பார்க்கிறது. அது தவறில்லை. ஏன் தள்ளுபடி, யாருக்குத் தள்ளுபடி என்பதை உள்ளே ஒருவர் முடிவு செய்துவிட்டார். ஐந்தாவது விதியைத்தான் நம் நிரலாளர்கள் அதிகம் உடைக்கிறார்கள். கையிருப்பு குறைவு என்று உள்ளிருந்து சொல்ல வேண்டியவர்கள், சிவப்பு என்று சொல்லி அனுப்புகிறார்கள். நாளைக்கு வடிவமைப்பாளர் சிவப்பை ஆரஞ்சாக மாற்ற நினைத்தால், கணக்குப் பிரிவின் கோப்பைத் திறக்க வேண்டியிருக்கும்.

பார் வெறும் விதி சொன்னவர் அல்லர். அந்த விதிகளைக் கட்டாயமாக்கும் ஸ்ட்ரிங்டெம்ப்ளேட் என்ற கருவியையும் செய்தார். அவருடைய இன்னொரு புகழ்பெற்ற கருவி ஆன்ட்லர். ஒரு மொழியின் இலக்கணத்தைக் கொடுத்தால், அந்த மொழியைப் படிக்கும் நிரலை அதுவே எழுதிக் கொடுக்கும். ஜாவாவில் வேண்டுமா, பைத்தானில் வேண்டுமா, அதற்கேற்ப எழுதும். எப்படி? இலக்கணத்தை அலசும் வேலை ஓரிடத்தில் நடக்கிறது. எழுதுவது முழுக்க ஸ்ட்ரிங்டெம்ப்ளேட் வார்ப்புருக்கள். ஜாவாவுக்கு ஒரு தொகுதி, பைத்தானுக்கு ஒரு தொகுதி. ஒரே மாவு, வேறு வேறு வில்லை. வார்ப்புருவில் ஒரு துளி முடிவு கலந்திருந்தாலும் அதை மொழிக்கு மொழி திரும்ப எழுத வேண்டி வந்திருக்கும். இந்தப் பொருளில் இதைவிட உறுதியான சான்று கிடைப்பது அரிது.

அப்படியானால் வார்ப்புருவின் கையை முழுவதும் கட்டிவிடலாமா? சிலர் அதையும் முயன்றார்கள். கிட்ஹப் நிறுவனர்களுள் ஒருவரான கிறிஸ் வான்ஸ்ட்ராத் 2009இல் மஸ்டாஷ் என்ற வார்ப்புரு முறையைத் தந்தார். துளையைக் குறிக்கும் சுருள் அடைப்புக்குறியைப் படுக்க வைத்தால் மீசை. அதனால் அந்தப் பெயர். முடிவெடுக்கும் ஆற்றலே இல்லாத வார்ப்புரு என்பது அதன் பெருமை.

இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். வார்ப்புருவைப் பட்டினி போட்ட இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு விக்கிப்பீடியா ஒரு பாடம். கட்டுரைக்குள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளுக்காக அங்கே வார்ப்புரு வந்தது. ஒரு பாத்திரத்தில் அரிசி அளப்பது போன்ற எளிய வேலைதான். ஆனால் எழுதுவோருக்குத் தேவைகள் இருந்தன. மக்கள்தொகை கொடுத்திருந்தால் அந்த வரியைக் காட்டு, கொடுக்காவிட்டால் மறை. இதைச் செய்ய நேர்வழி இல்லை. என்ன செய்தார்கள்? ஒரு வார்ப்புரு இன்னொரு வார்ப்புருவைக் கூப்பிடும் விதத்தில் இருந்த சந்துபொந்துகளைக் கண்டுபிடித்து, அவற்றைக் கொண்டு நிபந்தனையைக் கட்டினார்கள். அந்தக் குறுக்குவழிகள் பெருகிப் பெருகிச் சர்வரை அழுத்தின. 2006இல் விக்கிப்பீடியாவின் நிரலாளர் டிம் ஸ்டார்லிங், நிபந்தனைக்கும் கணக்குக்கும் முறையான குறிகளைத் தந்தார். அது போதுமா? வார்ப்புருவுக்குள் வார்ப்புரு, அதற்குள் நிபந்தனை, அதற்குள் கணக்கு என்று சுருள் அடைப்புக்குறிகள் அடுக்கடுக்காக ஏறின. மேற்கோள் மிகுந்த கட்டுரையைத் திரும்ப வரைய சர்வருக்குப் பல விநாடிகள் பிடித்தன. கடைசியில் 2013இல் லூவா என்ற முழுமையான நிரல்மொழியையே உள்ளே கொண்டுவந்தார்கள். பிரேசிலில் பிறந்த மொழி அது. கணக்கும் நிபந்தனையும் தனி நிரல் பக்கத்துக்குப் போயின. வார்ப்புரு மறுபடி இளைத்தது.

ஏழு ஆண்டு, பத்து ஆண்டு சுற்றி வந்து சேர்ந்த இடம் எது? முடிவுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தால்தான் அது வார்ப்புருவை விட்டுப் போகும். வீடு இல்லாத முடிவு, வார்ப்புருவின் திண்ணையில் படுத்துக்கொள்ளும். திண்ணையிலிருந்து துரத்துவதால் மட்டும் பயன் இல்லை.

சரி, 2013 என்றவுடன் இந்த அவையில் இளைஞர்கள் மனத்தில் ஒரு பெயர் ஓடியிருக்கும். ரியாக்ட். அந்த ஆண்டுதான் பேஸ்புக் அதை வெளியிட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எச்டிஎம்எல் போன்ற குறிகளை எழுதும் முறை. பார்த்த பலர் அதிர்ந்தார்கள். இத்தனை ஆண்டு பிரித்ததையெல்லாம் மறுபடி கலக்கிவிட்டார்களே என்றார்கள். ரியாக்ட் குழுவைச் சேர்ந்த பீட் ஹன்ட் அந்த ஆண்டு மேடையேறி வைத்த வாதம் கவனிக்கத்தக்கது. வார்ப்புருக்கள் பிரித்தது மொழிகளைத்தான், பொறுப்புகளை அல்ல என்பது அதன் சாரம். ஒரு பட்டனின் தோற்றமும் அதை அழுத்தினால் என்ன தெரிய வேண்டும் என்பதும் ஒரே பொறுப்பு; அவற்றை இரண்டு கோப்பில் வைத்தால் பிரிந்ததாக ஆகிவிடாது.

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. வெளிப்படையாகவே ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டியலில் ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்குச் சாம்பல் நிறம் பூசுவதும் ஒரு தர்க்கம்தான். கூடை காலியாக இருந்தால் வேறு படம் காட்டுவதும் தர்க்கம்தான். அவை தோற்றத்தின் தர்க்கம், தோற்றத்தோடு இருக்கட்டும். கோட்டைக் கோப்புக்கும் கோப்புக்கும் நடுவே போடாதீர்கள். கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே போடுங்கள். இந்தக் கேள்வியின் விடை மாறினால் வாடிக்கையாளர் கட்டும் பணம் மாறுமா? ஒருவருக்கு உரிமை உண்டா, இல்லையா என்பது மாறுமா? மாறும் என்றால் அது மாவு. கண்ணுக்குத் தெரிவது மட்டும் மாறும் என்றால் அது வில்லை. ரியாக்டில் எழுதினாலும் இந்தச் சோதனை பொருந்தும். குறிகளுக்கு நடுவே 2,500 என்ற எண்ணை எழுதிவைத்துவிட்டு, இது நவீன முறை என்று ஆறுதல் கொள்ள முடியாது.

வில்லைக்கென்றே உரிய கடமைகளும் உண்டு. அவற்றை மாவின் மேல் சுமத்தினாலும் கேடுதான். பயனர் எழுதிய எழுத்தைப் பக்கத்தில் காட்டும்போது அதில் இருக்கும் கோணக்குறிகளைச் செயலற்றவையாக்கி எழுத வேண்டும்; இல்லையென்றால் அவர் எழுதியது எழுத்தாக நிற்காமல் நிரலாக ஓடும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் சாமி காம்கார் என்ற இளைஞர் தம் பக்கத்தில் ஒரு நிரலை ஒளித்து வைத்தார். தளத்தில் வடிகட்டி இருந்தது. தடை செய்த சொல்லை நடுவில் ஒடித்து இரண்டு வரியாக எழுதி அவர் அதைத் தாண்டிவிட்டார். அவர் பக்கத்தைப் பார்த்தவர் அறியாமலே அவருக்கு நண்பராவார். பார்த்தவர் பக்கத்துக்கும் அந்த நிரல் தொற்றும். 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். தளத்தையே சற்று நேரம் மூடி வைக்க வேண்டியிருந்தது.

இதற்கு மருந்து என்ன? உள்ளே வரும் எழுத்தையெல்லாம் வாசலிலேயே மாற்றிவிடுவதா? பிஎச்பி வேறொரு ஆபத்துக்கு, தரவுத்தளக் கட்டளைக்குள் பயனர் எழுத்து நுழைந்துவிடும் ஆபத்துக்கு, அதைத்தான் செய்து பார்த்தது. மேஜிக் கோட்ஸ் என்று பெயர். பயனர் எழுதும் ஒற்றை மேற்கோளுக்கு முன்னால் தானாகவே ஒரு சாய்கோடு சேர்த்துவிடும். ஓபிரையன் என்ற ஐரிஷ் பெயரில் ஒற்றை மேற்கோள் உண்டு. அந்தப் பெயருக்கு நடுவே சாய்கோடு முளைத்தது. திருத்திச் சேமித்தால் இன்னும் பெருகியது. உண்மையான தரவே கெட்டுப்போயிற்று. 2012இல் வந்த பிஎச்பி 5.4 பதிப்பில் அந்த வசதியை நீக்கியே விட்டார்கள். பெயரை உள்ளே அப்படியே வை. பக்கத்தில் எழுதும்போது பக்கத்துக்கு ஏற்றபடி எழுது. அது வார்ப்புருவின் வேலை. 2008இல் வந்த ஜாங்கோ 1.0 முதல், ஒவ்வொரு துளையும் சொல்லாமலே அதைச் செய்கிறது. ரியாக்டும் செய்கிறது, அந்தக் காப்பை விலக்க வேண்டுமென்றால் பயன்படுத்த வேண்டிய பெயரிலேயே டேஞ்சரஸ்லி, ஆபத்தாக, என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். நல்ல எச்சரிக்கை.

கடைசியாக, நம் மொழிக்கே உரிய ஓர் இடத்துக்கு வருவோம்.

பயணச்சீட்டுத் தளம் ஒன்றை மனத்தில் வையுங்கள். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு முன்னால் ஒரு சொல், பிறகு ஒரு துளை. எந்த ஊரைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். அதைத் தமிழாக்குபவர் என்ன செய்கிறார்? துளைக்குப் பின்னால் ‘க்கு’ என்று ஒட்டிவிடுகிறார். மதுரை வந்தால் மதுரைக்கு. நன்றாக இருக்கிறது. காரைக்குடி வந்தால் காரைக்குடிக்கு. அதுவும் சரி. சேலம் வந்தால்? சேலம்க்கு. ஈரோடு வந்தால் ஈரோடுக்கு. தஞ்சாவூர் வந்தால் தஞ்சாவூர்க்கு. சேலத்துக்கு, ஈரோட்டுக்கு, தஞ்சாவூருக்கு என்று வாய் தானாகச் சொல்லும் மொழி, திரையில் திக்கித் திணறுகிறது.

இந்தச் சாரியையும் வேற்றுமையும் எங்கே இருக்க வேண்டும்? டிக்கெட் விலை பார்க்கும் பகுதியில் ‘அத்து’ச் சாரியைக்கு என்ன வேலை? அங்கே வைக்க முடியாது. வார்ப்புருவில் வைத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஊர் மகரத்தில் முடிகிறதா, டுகரத்தில் முடிகிறதா என்று நிபந்தனை எழுத நேரும். இரண்டுமே சரியில்லை. இடையே மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும்: விவரத்தை வாங்கி, மொழிக்கேற்ற சொல்லாக்கி, வார்ப்புருவிடம் கொடுக்கும் இடம். தேதியை வடிவாக்குவதும், ஒரு லட்சத்தை 1,00,000 என்று நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டு எழுதுவதும் அங்கேதான். யூனிகோட் அமைப்பு மொழிவாரியான விதிகளை அதற்காகவே தொகுத்து வைத்திருக்கிறது. எண்ணுக்கேற்ற சொல்வடிவத்தில் தமிழுக்கு இரண்டு வகை, அரபுக்கு ஆறு, ஜப்பானியத்துக்கு ஒன்று என்று அதில் இருக்கிறது. வேற்றுமை உருபுகளுக்கு நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். ஊர்ப்பெயர்ப் பட்டியல் பெரிதல்ல. ஒவ்வொரு ஊருக்கும் ‘க்கு’ சேர்ந்த வடிவத்தையும் ‘இருந்து’ சேர்ந்த வடிவத்தையும் ஒருமுறை எழுதி வைத்தாலே போதும். ஒரு மாலை நேரத்து வேலை. அல்லது வாக்கியத்தையே மாற்றி, சேருமிடம், முக்காற்புள்ளி, சேலம் என்று எழுதிவிடலாம். தமிழ்ப் பக்கம் செய்பவர்கள் பிரிக்கத் தவறினால் நம் மொழியின் இலக்கணமே அடிபடுகிறது. அதனால்தான் இந்தப் பொருளைத் தமிழில், தமிழ் அவையில் பேச வேண்டியிருக்கிறது.

நண்பர்களே, ஒரு வேண்டுகோளோடு இந்த உரை நிறைவடைகிறது. இன்று இரவு வீடு திரும்பியதும் உங்கள் பராமரிப்பில் இருக்கும் ஒரு தளத்தின் வார்ப்புருக் கோப்புகளைத் திறந்து, அவற்றில் எண்களைத் தேடுங்கள். 5, 12, 18, 1,000, 2,500. படத்தின் அகலமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பணமாகவோ, வயதாகவோ, வரம்பாகவோ இருந்தால் அந்த வரியை வெளியே எடுத்து, அதற்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயரோ ஆங்கிலப் பெயரோ சூட்டி, கணக்கு நடக்கும் இடத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே இரவில் சீர்செய்ய வேண்டாம். முதலில் பில் வார்ப்புருவைத் திறவுங்கள். வாடிக்கையாளர் கையில் நிற்பது அதுதான்.